நாற்பது வயது கோல்கீப்பர்

“அப்பாவு, அந்தப் பேடைக் கழற்றும்!”

ஹாக்கிக் கிளப் செயலாளர் விஸ்வலிங்கம் போட்ட சத்தத்தில், ஈப்போ திடலில் ஆட்டம் பார்க்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாவு மட்டும் திரும்பவில்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்து அடிபடாமல் காலில் கட்டும் பேடின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“கட்டியாச்சு சார். இன்னைக்கும் நானே நிக்கிறேன்.”

விஸ்வலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? 1977 லீக்கில் கடைசி இடம். அந்த வெட்கம் தாங்காமல் பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருபது வயது தாண்டாத தோட்டத்துப் பையன்களாகப் பொறுக்கி இந்த வருடம் புதுக் குழு கட்டியிருந்தார். செலவுக்கு அஞ்சவில்லை. ஆளுக்கொரு புது ஸ்டிக், மஞ்சள் ஜெர்சி, தைப்பிங்கிலிருந்து ஒரு பயிற்சியாளர். பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுப் படம்கூடப் பிடித்தாயிற்று.

எல்லாம் இருந்து என்ன செய்ய? புதுக் கோல்கீப்பர் பத்துமலை பழகும்வரை துணைக்கு இருக்கட்டும் என்று வைத்த ஆள் அப்பாவு. அவரோ இடத்தை விடுவதாக இல்லை. பதினேழு வயதுப் பையன் மூன்று ஆட்டமாக ஓரத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“அடுத்த மாசம் பேராக் மாநில ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கினம். ஒரு ஆட்டமும் ஆடாத பொடியன்ர பேரை நான் எப்படி அனுப்புறது? விடும் ஐசே!”

“விடுறேன் சார். இன்னைக்கு வேணாம்லா.”

“போன கிழமையும் இதைத்தானே சொன்னீர்?”

கேப்டன் ஜெயபாலன் பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தான். “மச்சான், இவரு செத்தாலும் கோல்லதான் சாவாரு போல.”

பத்துமலை தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணே, ஒரே ஒரு ஆட்டம் குடுங்கண்ணே. பிராக்டிஸ்லயும் எனக்கு மட்டும் டென்னிஸ் பந்துதான் போடுறீங்க.”

“போய் உக்காருடா!” என்று எரிந்து விழுந்தார் அப்பாவு.

என்ன மனுஷன் இவர்! அதற்கு மேல் விஸ்வலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. வெள்ளைக் கால்சட்டை அழுக்காவதையும் பார்க்காமல் மண்டியிட்டு, வாரைத் தானே அவிழ்த்துப் பேடை வெடுக்கென்று இழுத்தார்.

இலவம்பஞ்சு கொட்டியது. பின்னாலேயே பால் டின் அட்டைப்பெட்டித் துண்டுகள் விழுந்தன. பேடுக்குள் இருந்த பிரம்பு எப்போதோ உடைந்துபோயிருந்தது. அப்பாவுவின் கால், முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கன்றிக் கறுத்து வீங்கியிருந்தது.

விஸ்வலிங்கம் பேடைக் கீழே வைத்தார். “இதை... ஏன் என்னட்ட சொல்லேல்லை?”

அப்பாவு பையன் இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஜனவரியிலயே புதுப் பேடு கேட்டேன் சார். ‘இந்த வருசத்துக்கு இதுவே போதும்’னு நீங்கதானே சொன்னீங்க. எனக்குப் போதும் சார். அவனுக்குப் போதாது.”