நடை வேகம்

"இந்தச் சின்னதே போதும்ணே. மோரிஸ் மைனர் காருக்கு இதுவே ஜாஸ்தி," என்றான் கடைக்காரன் ஷரபுதீன்.

பத்துமலை அந்த பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனோங் ராபாட்டில் அந்த பேட்டரிக் கடைக்குள் நுழைந்ததிலிருந்தே அவர் கண் கீழ்த்தட்டில் இருந்த பெரியதன் மேல்தான்.

"நடக்குற வேகத்துல போனா இது எவ்வளவு நேரம் தஹான் பண்ணும்?"

"நடக்குற வேகமா? எங்க தாங்கும்? அப்படி ஊர்ந்தா உங்க பழைய டைனமோ சார்ஜே ஏத்தாதுண்ணே. பேட்டரியத்தான் தின்னும்."

"அதான் கேக்குறேன். முன்விளக்கு ரெண்டும் எரிஞ்சுக்கிட்டே போவணும். நடுவுல எஞ்சின நிறுத்தி, ஆள ஏத்திக்கிட்டு மறுபடி எடுக்கணும். அந்த நேரம் பார்த்துக் கழுத்தறுக்கக் கூடாது."

"என்னாண்ணே, ஊர்வலமா?"

பத்துமலை வாயைத் திறப்பதற்குள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நவமணி முந்திக்கொண்டாள். "மக விமலா கல்யாணம்லா தம்பி, வர்ற தையில. மாப்பிள்ளைய இந்த ஓட்ட வண்டியிலதான் அழைக்கணும்போல. தைப்பிங் பையன், சொந்தமா நல்ல காடி வச்சிருக்கான். இவருகிட்ட யாரு பேசுறது?"

பத்துமலை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எனக்கு முட்டி வலின்னா தைலத்தத் தேய்ன்னுவாரு. இது ஒரு இருமல் இருமினா மூணு மெக்கானிக்கு வீட்டு வாசல்ல நிப்பான். இவருக்குப் பொண்டாட்டியா வந்ததுக்கு மோரிஸா வந்திருக்கலாம்."

ஷரபுதீன் சிரித்துவிட்டான். "விடுங்கக்கா, பாவம். அண்ணன் ரொம்ப இளைச்சுட்டாரு வேற."

"குடல் புண்ணு. இப்பத் தேவல. இனிமே வர வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாராம்." சொல்லும்போதே நவமணிக்கு நெஞ்சு லேசானது. அதற்காகக் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்துவிட்டு வந்திருந்தாள்.

கடைசியில் பெரியதையே எடுத்தார்கள். அதை மாட்டும்போது ஆண்கள் இருவரும் திறந்த பானெட்டுக்கு அடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். ஷரபுதீன் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வண்டிப் பேச்சு என்றால் இந்த ஆம்பிளைகளுக்கு நேரம் போவதே தெரியாது என்று நவமணி நினைத்துக்கொண்டாள். அவளும் அவரும் சேர்ந்து வெளியே போய் வந்தது அதுதான் கடைசி.

தீபாவளிக்கு முன்பே பத்துமலை படுத்துவிட்டார். குடலில் இருந்தது புண் இல்லை என்று மகன் யுகேந்திரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னபோதுதான், டாக்டர் எதற்காக வர வேண்டாம் என்றார் என்பது அவளுக்கு விளங்கியது. அழுது முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாசலில் பெட்டியை வேனில் ஏற்றியபோது, பின்னால் மோரிஸ் ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஷரபுதீன்.

"அப்பா சொல்லி வச்சிட்டுப் போயிருக்காரும்மா," என்றான் யுகேந்திரன், கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கியபடி. "மின்சுடலை வரைக்கும் வண்டி கூடவே வரணுமாம். அந்த பேட்டரியே இதுக்குத்தானாம்."

அத்தனை அழுகையிலும் நவமணிக்கு வாய் கசந்தது. சாகப்போவது தெரிந்திருக்கிறது. பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. வண்டியைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் வழி செய்திருக்கிறார்.

"நானும் வாரேன்," என்றாள். "உள்ள தள்ளுற வரைக்கும் நான் பக்கத்துல இருக்கணும்."

பத்துமலையின் அக்கா கருப்பம்மாள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "பைத்தியமாடி உனக்கு? நம்ம பொம்பளைங்க சந்தி வரைக்குந்தான். அங்க நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிடணும். இத்தனை பேரு போனப்ப இல்லாத புதுப் பழக்கம் உனக்கு மட்டும் எதுக்கு? அந்தத் தூரம் நடக்க உனக்கு முட்டிதான் இருக்கா?"

நவமணி மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள்.

வேன் மெல்ல நகர்ந்தது. ஆண்கள் அதை ஒட்டி நடந்தார்கள், பெண்கள் அவர்களுக்குப் பின்னால். எல்லோருக்கும் கடைசியில் மோரிஸ், விளக்கெரிய, யாரையும் முந்தாமல் வந்தது. அதைத் திரும்பிப் பார்க்க நவமணிக்குப் பிடிக்கவில்லை.

சந்தியில் பெட்டியை இறக்கித் திசை மாற்றி மறுபடி ஏற்றினார்கள். பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். வேன் பெரிய சாலையில் திரும்ப, ஆண்கள் அதன் பின்னாலேயே போனார்கள். "வா, போயித் தலைக்குத் தண்ணி ஊத்தணும்," என்று கருப்பம்மாள் இழுத்தாள். நவமணியின் கால் பெயரவில்லை.

மோரிஸ் அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் எஞ்சின் அடங்கிவிட்டது. இதுவும் செத்துத் தொலைந்ததா என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஷரபுதீன் இறங்கிச் சுற்றி வந்து இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"ஏய் தம்பி, என்னா பண்ற நீ? எங்க வழக்கம் தெரியுமா?" என்று கருப்பம்மாள் கத்தினாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. நவமணியை மட்டும் பார்த்தான்.

"ஏறுங்கக்கா. உங்கள விட்டுட்டு வரக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரு."