சர் ஹேமன் ஓடிய பாட்டு

"என் புருஷன் போர்க்களத்தை விட்டு ஓடினார்னு பாடணும். இன்னிக்கு விருந்துலயே."

பாணன் பெர்கினுக்கு வாயில் வைத்த ரொட்டி இறங்கவில்லை. எதிரே நிற்பது யார்? சர் ஹேமனின் மனைவி இடோனியா. காலமாகிவிட்ட அந்த மகாவீரரின் புகழைச் செஷயர் முழுக்கப் பாடித்தான் பெர்கின் வயிறு வளர்த்தான்.

"அம்மா, உடம்புக்கு ஏதும் இல்லையே? அவரா ஓடினாரு?"

"அவர் ஒரு நாளும் ஓடினதில்லை. கூடக் குடித்தனம் பண்ணினவளுக்குத் தெரியாதா? பொய்தான். பாடு!"

எல்லாம் மகன் தர்ஸ்டனுக்காக. எல்லையில் ஸ்காட்லாந்துக்காரர்களோடு முதல் சண்டை. பையன் கேடயத்தை எறிந்துவிட்டு ஓடி வந்துவிட்டான். வந்ததும், குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டும் குதிமுட்களைக் கழற்றி நேரே சமையலறையில் கொடுத்துவிட்டான்.

அங்கே ஒரு வழக்கம்: வீரப்பட்டம் கட்டுகிற அன்றே சமையல்காரன் வெட்டுக்கத்தியோடு வாசலில் நிற்பான். 'கோழையானால் உன் குதிமுள்ளை இந்தக் கத்தியால்தான் வெட்டுவேன்' என்று எல்லோர் முன்னாலும் எச்சரிப்பான். வெட்டிவிட்டால் பட்டம் போனது போனதுதான்.

"விருந்து முடிஞ்சதும் வெட்டச் சொல்லியிருக்கான். அப்புறம் மடத்துல சேர்ந்துடுவானாம். 'அப்பாவுக்குப் பிள்ளைன்னு சொல்லிக்க எனக்கு யோக்கியதை இல்லை'ங்கறான். எல்லாம் உன் பாட்டு பண்ணின வேலை! அதுல அவர் ஒரு தடவை தும்மினதுகூடக் கிடையாதே!"

"குறையே இல்லாத வீரனைத்தான் ஜனங்க கேக்கறாங்க, அம்மா."

"என் பிள்ளைக்குக் குறை உள்ளவர் வேணும்."

"ஓஸ்பர்ட் கிழவர் என்னைக் கொன்னே போட்டுடுவாரு!"

"அவரை நான் பாத்துக்கறேன்."

புனித மார்ட்டின் திருநாள். நண்பகலுக்கே கூடம் நிறைந்துவிட்டது. தர்ஸ்டன் வீட்டார் உட்காரும் உயர்ந்த மேசைக்கு வரவில்லை. வாசலோரம் குதிரைக்காரர்களுக்கு நடுவே வெறும் குதியோடு உட்கார்ந்திருந்தான். சமையலறை வழியை மறைத்த மரத்தட்டிக்கு அப்பால் சமையல்காரன் கத்தியும் கையுமாக நின்றான்.

பெர்கின் கர்த்தரை வேண்டிக்கொண்டு யாழை மீட்டினான். அந்த ஊர்ப் பாட்டுக்கு மோனைதான் உயிர். பொய்க்கென்றால் மோனை எங்கிருந்துதான் வருமோ, தானாக வந்து விழுந்தது!

'நாணல் புதரில் நடுங்கிக் கிடந்தான்,
நண்பரை மறந்து நாளைக் கழித்தான்...'

"நிறுத்துடா!"

ஓஸ்பர்ட் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தார். சர் ஹேமனின் கேடயத்தைச் சுமந்துகொண்டு, அவர் போன அத்தனை சண்டைக்கும் கூடவே போனவர்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியா? அவர் பக்கத்துலயே நின்னவன்டா நான்! என் எஜமான் ஓடினாரா? நாக்கை அறுத்து நாய்க்குப் போட்டுடுவேன்!"

கிழவர் கையில் கத்தி பளபளத்தது. பெர்கின் யாழை மார்போடு அணைத்துப் பின்வாங்கினான்.

"உக்காருங்க ஓஸ்பர்ட்." இடோனியா எழுந்து நின்றிருந்தாள். "பாட்டுல இருக்கறது நிஜம். அவரோட முதல் சண்டை அது. கல்யாணமான ராத்திரி அவரே என்கிட்ட சொன்னார்."

புருஷன் பெருமையிலேயே தலை நிமிர்ந்து வாழ்ந்த பெண் அவள். ஊர் முன்னால் இதைச் சொல்ல அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ! ஓஸ்பர்ட் வாய் பிளந்து அவளையே பார்த்தார். பிறகு கத்தியை உறையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மேலே பாடு," என்றாள் இடோனியா.

ஓடிய மறுநாள் காலையே சர் ஹேமன் திரும்பிப் போய், பாலத்தை மறித்து நின்று எதிரிப்படையைத் தடுத்ததைப் பெர்கின் பாடினான். பாலத்துக் கதை எல்லோருக்கும் மனப்பாடம்தான். ஆனாலும் அன்றைக்கு ஒருத்தரும் கோப்பையைக்கூடத் தொடவில்லை.

பாட்டு முடிந்ததும் தர்ஸ்டன் எழுந்து சமையல்காரனிடம் போனான்.

"குதிமுள்ளைக் குடு."

"வெட்டவா, மாட்டவா, சின்ன ஐயா?"

"எல்லைக்குப் போகணும். முள் இல்லாம குதிரை கிளம்புமா?"

சமையல்காரன் கத்தியைப் போட்டுவிட்டு, தானே மண்டியிட்டு மாட்டிவிட்டான். தர்ஸ்டன் வந்து அம்மாவின் கையை முத்தமிட்டான்.

"அப்பாவே ஓடினாராம்மா?"

"ஓடினார்டா. திரும்பியும் போனார்."

முற்றத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் தேய்ந்தது. கூடமும் காலியானது. அதுவரை அடக்கி வைத்த அழுகையெல்லாம் இடோனியாவுக்கு அப்போதுதான் வெடித்தது. எதிரே ஓஸ்பர்ட் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க ஓஸ்பர்ட். பிள்ளைக்காக அந்த மகராசன் மேல சேத்தை வாரிப் பூசிட்டேன். அவர் என்கிட்ட அப்படி எதுவுமே சொல்லலை."

ஓஸ்பர்ட் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லலையா? ஓடினதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கி என் வாயைக் கட்டிட்டு, உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டாரேன்னுல்ல நான் வாயை மூடினேன்!" கிழவர் அவள் பக்கம் குனிந்தார். "பாட்டுல ஒண்ணே ஒண்ணுதாம்மா தப்பு. நாணல் புதர் இல்லை, பன்னிக் கொட்டில். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஒளிஞ்சு கிடந்தோம். முதல்ல எழுந்து நின்னது அவர்தான்."