கொடியில் ஒரு சட்டை

கோமாரிக் கிராமத்தில் கடலைப் பார்த்த கடைசி வீட்டு முற்றத்தில், நண்பகல் வெயிலில், கொடியில் தொங்கும் ஆண் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியில் மடிந்து கிடந்ததில் விழுந்த கோடுகள் நனைந்தும் அழியவில்லை. சனத்தொகைக் கணக்கெடுக்க வந்திருக்கும் தக்சாயினி, டெப் கணினியை மடியில் வைத்தபடி அந்தக் கோடுகளையே பார்க்கிறாள். “வீட்டில மூணு பேர், மகள்,” என்கிறாள் வீட்டுக்காரி பூமணி. “நான், மருமகள், மகன் பவிதரன். அவன் கடலுக்குப் போயிரிக்கான். அந்தா, அவன்ட சட்ட. இப்பதான் கழுவிப் போட்டன்.” பவிதரன் போன படகு பதினொரு மாதமாகத் திரும்பவில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத்தான் தக்சாயினி வந்திருக்கிறாள். “வீட்டில இரிக்கிற ஆக்களத்தான் பதியலாம் அம்மா.” இரண்டு என்று பதிகிறாள். அடுத்த கேள்வி திறக்கிறது. தலையைத் தூக்காமல், “மருமகள்… கலியாணம் கட்டினவவா, விதவையா?” என்று வாசிக்கிறாள். இரண்டில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது. திரை மங்குகிறது; விரலால் தட்டி எழுப்புகிறாள். மறுபடியும் மங்குகிறது. “கட்டினவ எண்டு சொல்லு புள்ள,” என்று பூமணி கெஞ்சுகிறாள். கதவு நிலையில் சாய்ந்து நின்ற மருமகள் வசந்தினி முற்றத்துக்கு இறங்குகிறாள். சட்டையை இழுத்தெடுத்து, ஈரத்தோடு முகத்தில் அழுத்தி மூச்சை இழுக்கிறாள். மீண்டும் இழுக்கிறாள். “சவுக்காரம்தான் மணக்குது மாமி,” என்கிறாள். “அவர்ர மணம் போயிரும் எண்டுதானே இதக் கழுவாம வச்சிருந்தன்.”