ஆள் உயரம்

"சுவர்ல மாட்டுறதுக்கு இடுப்பளவு உருவம் போதுங்க" என்று நெசவுக்காரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தச்சர் மசியவில்லை.

"முழு ஆளாத்தான் வேணும்மா. என் மகன் அஞ்சே முக்கால் அடி. கால் விரல்கூட ஒண்ணு குறையக் கூடாது."

அவர் தந்த புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து, கம்பளி நூலால் எட்டு மாதம் நெய்தாள். தறியிலிருந்து அறுத்துத் தரையில் விரித்தபோது, இவ்வளவு உயிருள்ள முகம் தன் கையில் இதுவரை வந்ததே இல்லை என்று அவளுக்கே தோன்றியது.

தச்சர் மண்டியிட்டு அந்தக் கன்னத்தைத் தடவினார்.

"வெயில் படுற இடத்துல மாட்டாதீங்க. சாயம் வெளுத்துடும்."

"வெயில் படாதும்மா."

"பூச்சி அரிக்காமயும் பாத்துக்கணும்."

தச்சர் துணியின் ஓரச் சுருக்கத்தை நீவி விட்டார்.

"அவன் போன கப்பல் முழுகிப் போச்சு. உடம்பு கிடைக்கல. வெறும் பெட்டியைப் புதைக்க அவன் அம்மாவுக்கு மனசு வரல. அதான்... நாளைக்கு அடக்கம்."

எட்டு மாத உழைப்பு மண்ணுக்குள் போகப் போகிறது. நெசவுக்காரி ஊசியில் நூலைக் கோத்தாள்.

"கொஞ்சம் உட்காருங்க ஐயா. கண்ணு ரெண்டும் திறந்திருக்கு. மூடித் தர்றேன்."