ஈரக் கல்

சமையலறை மேடைக்கான கிரானைட்டின் அசல் நிறம் தண்ணீர் பட்டால்தான் தெரியும் என்று கடைக்காரர் முதல் பலகையில் ஒரு குவளைத் தண்ணீரை வீசினார். கல்லில் மரகதவல்லி தெரிந்தாள். தோளை உரசி நின்ற கணவர் பிச்சுமணி தெரியவில்லை. பதறிப்போய் அடுத்த பலகையை நனைக்கச் சொன்னாள். அதில் அவர் இருந்தார், அவள் இல்லை. எதைப் போட்டாலும் வீட்டில் ஒருவர்தான் மிஞ்சுவாரோ என்று அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"வேற கல்லு இல்லையாண்ணே?"

"இந்த ரெண்டுதான்க்கா. ஆயுசுக்கும் அசையாது."

பிச்சுமணி இரண்டாவது கல்லைப் பார்த்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டார்.

"பளிச்சுனு இருக்கு வல்லி. இதையே போட்டுருவோம்."

அவள் வாய் திறப்பதற்குள், அவள் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில், கடைக்காரர் சிங்க்குக்காக வெட்டக் கோடு போட்டார்.