ஃப்ரேமுக்குள்ளே வரலட்சுமி

நாகவல்லியின் வீட்டு வாசலில் ஒருவன் முட்டி போட்டுக் கேமராவைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு மேல்படியில் நின்றிருந்த வரலட்சுமியின் கையில் காபி ஆறிப்போனது. வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிறானால் போதும், சென்னை ஓரத்து நூம்பலுக்குக் கேமராக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். பழைய தெருக்களைப் படம் பிடிக்கிறார்களாம். பிடிக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் வருகிற கேமராவெல்லாம் நாகவல்லியின் பச்சைக் கதவுக்கும், முகப்பில் இருக்கும் இரண்டு சிமெண்ட் கிளிகளுக்கும் முன்னால்தான் போய் நிற்கிறது.

ரோடு போடப் போட அந்த வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. மழை பிடித்தால் நாகவல்லி பக்கெட்டும் கையுமாகத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவாள். அதை மேல்படியில் நின்று பார்த்து "ஐயோ பாவம்" சொல்வதுதான் வரலட்சுமிக்கு வருஷத்தில் ரொம்பப் பிடித்த வேலை.

அப்படிப்பட்ட வீடு போன மாதம் பத்திரிகையில் வந்துவிட்டது. வரலட்சுமியின் கிரானைட் படியையும் ஸ்டீல் கைப்பிடியையும் ஒருத்தரும் சீந்தவில்லை. போன வாரம் ஒரு பையன், "ஃப்ரேம்ல வர்றீங்கக்கா, கொஞ்சம் உள்ள போங்க" என்று அவளையே விரட்டிவிட்டான்.

இன்றைக்கு வந்தவன் கிளிகளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சுவரின் அடிப்பாகத்தையே விதவிதமாக எடுத்தான். பெரிய ஆள் போலிருக்கிறது என்று வரலட்சுமிக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

உள்ளே போனவள் பட்டுப்புடவையில் வெளியே வந்தாள்.

"இன்னாமே, நீ பொடவ மாத்திகினா ஊடு பழசாயிடுமா?" என்றார் கணவர் எத்திராஜ்.

"யோவ், கம்முனு பேப்பரப் படி."

இறங்கிப் போய்க் கேமராக்காரனிடம் குழைந்தாள். "தம்பி, ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல கீற எங்க சந்துலேர்ந்து எடுத்தா இன்னும் சோக்கா வரும்."

அவன் முகம் மலர்ந்தது. "அந்தப் பக்கத்துச் செவுருதாங்க்கா முக்கியம். நீங்க உள்ள உட மாட்டீங்கன்னாங்களே?"

"யாரு, நாகவல்லியா? நான் போட்டோல வந்துடுவேன்னு வவுத்தெரிச்சல் அவளுக்கு. நீ வா."

"நாலஞ்சு பேரு வருவோம்க்கா. ரெண்டு மூணு வாரம் ஆவும்."

"ரெண்டு மாசம் ஆவட்டுமே! என் சந்து, ஆரு கேக்கறது?"

கேட்டைத் தானே திறந்தாள். குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தானே நகர்த்தினாள். சுவரோரம் போய்த் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"அப்டியே நில்லுங்கக்கா, ஒசரம் தெரியும்" என்று அவன் க்ளிக் செய்தான். பிறந்த பலனை அடைந்துவிட்டாள் வரலட்சுமி.

"எந்த புக்குல வரும் தம்பி?"

"புக்கா? நாங்க ஊட்டுக்கு அடில ஜாக்கி வெச்சு, ஊட்டயே மேல தூக்கற கம்பெனிக்கா. உங்க சந்து கெடைக்காமதான் வேல நின்னுகினு இருந்துச்சு."

பச்சைக் கதவிலிருந்து நாகவல்லி தலையை நீட்டினாள்.

"தம்பி, அக்கா ஊட்டவிட ரெண்டடி மேலயே வெச்சிடு!"