மூன்றாவது பெட்டி

“ஒரு புரோகிராமைத் திறக்கிறதுக்கு நாலு பெட்டியா? அதையும் ஒரு மாசமா உட்கார்ந்து சோதிச்சீங்களா?”

பிரிவுத் தலைவி முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் அந்த அறையில் சிரிக்க அதிகம் வாய்ப்பதில்லை.

வடிவமைப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயது, ஒப்பந்த வேலை. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே காரியத்தை முடித்துவிடுவதால் ‘குறுக்குவழி’ என்று பட்டப்பெயர். அவருடைய ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று தலைவிதான் எழுத வேண்டும்.

“காட்டிடறேன் மேடம். மவுஸைப் பிடிச்சு, ஐகானைத் தேடி, ரெண்டு தட்டு தட்டுறதுக்குப் பதிலா, கீயை அழுத்தினா நடுத்திரைல இப்படி ஒரு பெட்டி வரும். வேணுங்கிறதோட முதல் ரெண்டு எழுத்தை அடிச்சாப் போதும், திறந்துடும். இந்த மாதிரி நாலு சாஃப்ட்வேர் இருக்கு, எது நமக்குச் சரின்னு ஓட்டிப் பார்த்தேன்.”

“முதல் பெட்டி லட்சணமா இருக்கே!” என்றாள் படம் வரையும் பெண்.

“லட்சணம்தான். ஆனா மூணு கீயைச் சேர்த்து அழுத்தணும். ரெண்டாவது நல்ல வேகம், ஒரு எழுத்து தப்பினா கையை விரிச்சிடும். நாலாவது நாம அடிக்கடி திறக்கிறதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கும். என்ன, கம்ப்யூட்டரையே தூங்க வச்சிடும்.”

“அப்ப மூணாவது?”

“அதுக்குத்தான் முதலிடம்.”

மூன்றாவது பெட்டி சாம்பல் நிறத்தில், நனைந்த அட்டைபோல் களையற்று இருந்தது.

“இதுக்கா? கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே மார்க் போட்டே தம்பி?” என்றார் புரூஃப் பார்ப்பவர்.

“ஒரே கீ சார். தப்பா அடிச்சாலும் புரிஞ்சுக்கும். ஒரு கையாலேயே…” அவர் பேச்சை நிறுத்தித் தலைவியைப் பார்த்தார்.

“இன்னொரு கையால டீ குடிக்கலாம், அப்படித்தானே?”

தலைவி நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அறை குலுங்கியது. வடிவமைப்பாளரின் காது மடல்கள் சிவந்தன.

“மத்ததெல்லாம் ரிப்போர்ட்ல எழுதி அனுப்பியிருக்கேன் மேடம். பிரிவு முழுக்க ஒண்ணையே போட்டா நல்லது. ரெண்டாம் பக்கத்தையும் படிச்சுடுங்க.”

தன் கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்தபோது தலைவிக்கு முகம் கொதித்தது. இருபத்திரண்டு வருடங்களில் தனக்குக் கீழே இருப்பவரை நாலு பேர் முன்னால் அவள் மட்டம் தட்டியதில்லை. அப்படிச் செய்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. வேடிக்கைக்குச் சொன்னேன் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. வேடிக்கை இல்லை அது, பயம். பயத்துக்குச் சிரிப்பு வேஷம் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

ஒரு மாதமாக அந்த மனிதர் கண்ணாடி வழியாக அவளையே பார்க்கிறார். அவள் கம்ப்யூட்டரில் எதையாவது திறக்கும்போதெல்லாம் சின்ன நோட்டு ஒன்றில் என்னவோ குறிக்கிறார். முன்பு ஒரு நிமிடத்தில் முடித்த வேலைக்கு இப்போது ஐந்து நிமிடம் ஆகிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தாள். மேலாளருக்குத் தெரிந்தால் நாளைக்கே இந்த நாற்காலியில் வேறு ஆள்.

கதவு தட்டும் சத்தம். அவர்தான்.

“ரிப்போர்ட் பார்த்தீங்களா மேடம்?”

“இன்னும் இல்ல. ஏன், என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “ஆமா மேடம்.”

“என்னைப் பார்த்துப் பார்த்து நோட்டுல குறிச்சீங்களே, அதுவா?”

“அதுதான். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு… தப்பா எடுத்துக்காதீங்க. யார்கிட்டயும் காட்டலை. உங்களுக்கு மட்டும்தான்.”

“சரி, போங்க.”

மிரட்டுகிறான். ஒப்பந்தத்தை நீட்டு, இல்லையென்றால் மேலே போவேன் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

போன் அடித்தது. மேலாளர்.

“குறுக்குவழி விஷயம் என்னாச்சும்மா? உங்க ஒரு வரிக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

“இதோ அனுப்பறேன் சார்.”

‘வேலை நேரத்தைச் சொந்த ஆராய்ச்சிகளில் வீணடிக்கிறார். நீட்டிக்க வேண்டாம்.’ ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினாள். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: ‘சரி. அவரிடம் சொல்லிவிட்டேன்.’

பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. என்னதான் எழுதியிருக்கிறான் என்று ரிப்போர்ட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் நான்கு பெட்டிகள், மதிப்பெண்கள். இரண்டாம் பக்கத்தில் சில வரிகள்தான்.

‘மேடம், கேட்காமல் உங்கள் நேரத்தைக் குறித்ததற்கு மன்னிக்கவும். என் வலது கையை நாற்காலியோடு கட்டிக்கொண்டு நான்கையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவதில் உங்கள் பழைய வேகம் வந்துவிடும். எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் அதையே போட்டுவிட்டால், நீங்கள் ஏன் மவுஸை விட்டீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.’

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். நான்கு மாதமாக ஒரு விரல்கூட மடங்காத அவளுடைய வலது கை, யார் கண்ணிலும் படாமல் மேசைக்கு அடியில், மடியில் கிடந்தது.